காலி அறையின் எடை

"அந்த ரூம்ல யாரோ இருக்காங்க மேடம்," என்றார் வேதமாணிக்கம்.

பெனாசிர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பார்த்தீங்களா சார்?"

"பார்க்கல. பதினொன்னு நாற்பதுக்கு அவங்க பத்து நிமிஷம் வெளியே போறாங்க. அதனாலதான் இருக்காங்கன்னே தெரிஞ்சுது."

பெனாசிர் நிமிர்ந்தார்.

யார் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வேதமாணிக்கம் மாணவர். வயது நாற்பத்தேழு. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டே பல்கலைக்கழக இயற்பியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். பெனாசிர் அவருடைய வழிகாட்டி. வயது முப்பத்தொன்பது. மாணவரை ஆசிரியை சார் என்பார். ஆசிரியையை மாணவர் மேடம் என்பார். துறையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததில்லை.

பாலிடெக்னிக்கில் வேதமாணிக்கத்தை எல்லோரும் இப்போதே டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரியாதைக்கு அல்ல. "என்ன டாக்டர், பேஷண்ட் இன்னும் உயிரோட இருக்காரா?" என்று ஆய்வேட்டைத்தான் விசாரிப்பார்கள்.

பேஷண்டுக்கு இன்னும் அறுபத்து மூன்று நாள் இருந்தது. பதிவுக் காலத்தை இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை என்றால் ஏழு வருஷ உழைப்பு குப்பை. அவ்வளவுதான்.

 

கருவி துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. பதினோரு படி இறங்க வேண்டும்.

ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி. கம்பியில் ஒரு சின்னத் தண்டு. தண்டின் இரண்டு முனையிலும் கோலிகுண்டு அளவில் ஈயக்குண்டு.

எடை உள்ள எதுவும் எடை உள்ள எதையும் இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். நாமும் ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தப் பெட்டியில் அது கண்ணுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் போனால் குண்டு உங்கள் பக்கம் திரும்பும். ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் திரும்பும்.

தண்டில் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒன்று எதிர்ச் சுவரில் ஒரு ஒளிப்புள்ளியை விழவைக்கும். சுவரில் கோடு கோடாக அளவுகோல். நிமிடத்துக்கு ஒரு முறை புள்ளி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கேமரா பதிவு செய்யும்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு உலோகக் கட்டியை வைத்து, அதன் இழுப்பு நாளுக்கு நாள் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வேதமாணிக்கத்தின் ஆய்வு. ஏழு வருஷமாக அதைத்தான் பார்க்கிறார்.

இதில் ஒரு தொல்லை. பக்கத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் குண்டு சும்மா இருக்காது. வெயில் ஏறினால் கட்டடம் விரியும். ரோட்டில் லாரி போகும். அதனால் முதலில் அறையைக் காலி செய்து, பூட்டி, ஆள் நுழையாமல் நாற்பத்தெட்டு நாள் அளக்க வேண்டும். ஒரு நாளின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரி எடுக்க வேண்டும். பிறகு நம் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் உண்மை.

நாற்பத்தெட்டு நாள் என்பதால் துறையில் இதற்கு மண்டலம் என்று பெயர். மாலை போட்டிருந்த ஒருவர் எப்போதோ வைத்த பெயர்.

ஆனால் மண்டலத்தை யாரும் எடுப்பதில்லை. யார் நாற்பத்தெட்டு நாள் சும்மா இருப்பது? பதினாறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒரே மண்டலம் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. எடுத்தவர் பெயர் அதில் இல்லை. முதல் வரியில் இப்படித்தான் இருந்தது: அறை பூட்டியிருந்தது, யாரும் நுழையவில்லை.

வேதமாணிக்கத்துக்கும் அது வந்தது. அவரும் கழித்தார்.

கழித்தபின் வரைபடம் நேர்கோடாக ஓடியது. தினமும் பதினொன்று நாற்பதுக்கு மட்டும் ஒரு பள்ளம். பத்து நிமிடம். நாள் முழுக்கக் குண்டை இழுத்துக்கொண்டிருக்கும் எதுவோ ஒன்று அப்போது மட்டும் விட்டுவிடுவதுபோல.

அதைத்தான் அவர் சொல்ல வந்தார்.

பெனாசிர் கேட்டுக்கொண்டார். மேசை இழுப்பறையைத் திறந்து அடித்தள அறைச் சாவியை எடுத்து விடைத்தாள் கட்டின் மேல் வைத்தார்.

"போய் உட்காருங்க. யாரு வெளியே போறாங்கன்னு பாருங்க."

 

மறுநாள் பதினொன்று இருபதுக்கு வேதமாணிக்கம் படி இறங்கினார்.

மேலே வெயில் கொளுத்தியது. ஆறாவது படியிலேயே வெயில் நின்றுவிட்டது. பதினோராவது படியில் காது அடைத்தது. அறையில் சத்தம் என்று எதுவும் கிடையாது. தன் மூச்சு தனக்கே அதிகமாகக் கேட்கும்.

அவர் கண்ணாடிப் பெட்டியை நோக்கி ஒரு எட்டு வைத்தார். சுவரில் ஒளிப்புள்ளி நகர்ந்தது.

பின்னால் போனார். புள்ளி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஏழு வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அன்றைக்குப் பிடிக்கவில்லை.

கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேய், பிசாசு எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய சபையில் அவர் மூப்பர். பேய் ஓட்ட வந்தவர்களையே அங்கிருந்து ஓட்டியவர். ஆனால் பதினொன்று முப்பத்தெட்டுக்கு எழுந்து, நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

வழி விட்டார்.

பதினொன்று நாற்பது. கதவு திறக்கவில்லை. காற்று அசையவில்லை. புள்ளி அசையவில்லை.

பதினொன்று ஐம்பது. அப்படியேதான்.

மேலே வந்து, யாரும் வெளியே போகவில்லை என்றார்.

"அப்ப யாரும் உள்ளே இல்லையா?" என்றார் பெனாசிர்.

வேதமாணிக்கம் நூலகத்துக்குப் போனார்.

 

முந்தைய ஆய்வேடுகளை எடுத்துப் பார்த்தார். நான்கு இருந்தன. முதலாவது பெனாசிருடையது.

நான்கிலும் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை எண்களே இல்லை. வெட்டியிருந்தது. நான்கிலும் அடியில் ஒரே வரி: அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுவதால் அதிர்வு ஏற்படுகிறது, எனவே நீக்கப்பட்டது.

மோட்டார் எங்கே என்று அட்டெண்டர் காளியப்பனிடம் கேட்டார்.

காளியப்பன் அவரைப் படிக்கட்டின் அடிக்குக் கூட்டிப்போய் ஒரு இரும்புக் கம்பி மூடியைக் காட்டினார். மூடிக்குக் கீழே குழி. குழியில் இருட்டு. மோட்டாரைக் கழற்றி ஒன்பது வருஷம் ஆகிறது என்றார். குழி ஆழமானது, போன வருஷம் விழுந்த மூக்குக் கண்ணாடி இன்னும் அதில்தான் கிடக்கிறது என்றும் சொன்னார்.

கடைசி இரண்டு ஆய்வேடுகள் மோட்டார் போனபிறகு எழுதியவை.

வேதமாணிக்கம் மேலே போய்த் தன் மேசையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் யோசித்தார். அதற்குப் பிறகு அவரும் அந்த வரியைத் தட்டச்சு செய்தார். தண்ணீர் மோட்டார் ஓடுவதால்.

நாலு பேர் எழுதிப் பட்டம் வாங்கிய வரி. ஐந்தாவது ஆள் எழுதினால் என்ன?

அச்செடுத்துக் கையெழுத்துக்குக் கொண்டுபோனார். பெனாசிர் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் கண் நின்றது. பிறகு பேனாவைத் திறந்தார்.

"போடவா சார்?"

கேள்வியில் கேலி இல்லை. மிரட்டல் இல்லை. சொன்னால் போட்டுவிடுவார். அது அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

பேனா முள் தாளைத் தொட்டது. ஒரு மைப் புள்ளி விழுந்தது.

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு காது கொடுத்துக் கேட்டார் என்பது வேதமாணிக்கத்துக்கு ஞாபகம் வந்தது. மோட்டார் ஓடவில்லை. எதுவுமே ஓடவில்லை.

தாளை இழுத்துக்கொண்டார்.

 

பிறகு அவர் செய்தது சின்ன வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் துறையில் யாரும் செய்ததில்லை.

கழிப்பதற்கு முன்னால் இருந்த தன் எண்களைத் திறந்து பார்த்தார்.

பதினொன்று நாற்பதில் பள்ளம் இல்லை. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை.

அறையில் யாரும் இல்லை. யாரும் வெளியே போகவில்லை. மண்டலத்தைக் கழித்தால் மட்டுமே பள்ளம் விழுந்தது. தன்னிடம் இல்லாத ஒன்றை அவர் ஏழு வருஷ எண்களிலிருந்து கழித்திருந்தார்.

மண்டலத்தைத் திறந்தார். சராசரியை விட்டுவிட்டு நாள் நாளாகப் பார்த்தார்.

முதல் நாள், பதினொன்று நாற்பது. ஒரு மேடு. குண்டு மெல்லத் திரும்பி, பத்து நிமிடம் நின்று, மெல்லத் திரும்பிப் போகிறது.

இரண்டாம் நாள். அதே மேடு.

மூன்றாம் நாள்.

யாரும் நுழையாத அறையில், பூட்டிய கதவுக்குள், தினமும் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே வந்து நிற்கிறார்.

கீழே போனார். அந்தப் பெட்டிக்கு எதிரே ஆள் நிற்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. மற்ற பக்கமெல்லாம் சுவரும் தூணும். அந்த இடத்தில் போய் நின்றார். யாரோ நின்ற இடத்தில் நிற்பது, யாரோ படுத்த பாயில் படுப்பதுபோல இருந்தது.

அவருக்குப் புள்ளி ஒன்பது கோடு நகர்ந்தது. மண்டலத்தில் இருந்தவருக்கு ஐந்து கோடு. வேதமாணிக்கத்தின் எடை எண்பத்திரண்டு கிலோ. கணக்கை உள்ளங்கையிலேயே போட்டார்.

நாற்பத்தாறு கிலோ.

ஆவிக்கு எடை இருக்காது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகுதான் இன்னும் பயமாக இருந்தது.

 

அவர் போனபோது பெனாசிர் அறையில் வேறு யாரும் இல்லை. வேதமாணிக்கம் உட்காரவில்லை.

"நாற்பத்தெட்டு நாள்ல நாற்பத்தேழு நாள் வந்திருக்காங்க மேடம். பதினொன்னு நாற்பதுக்கு வந்து, கண்ணாடிக்கு எதிர்ல நின்னுட்டு, பத்து நிமிஷத்துல போயிருக்காங்க. எடை நாற்பத்தாறு கிலோ. முப்பத்தொன்னாவது நாள் மட்டும் வரல."

பெனாசிர் பேனாவை மூடி வைத்தார்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வேதமாணிக்கம் இப்போது உட்கார்ந்தார்.

பெனாசிர் சுருக்கமாகச் சொன்னார். அப்போது அவர் எம்.எஸ்ஸி. மாணவி. சாவி அவரிடம்தான் இருந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்கு வகுப்பு விடும். இறங்கிவர ஐந்து நிமிடம். கடைசியில், யாரும் நுழையவில்லை என்ற அந்த முதல் வரியையும் அவர்தான் எழுதினார்.

இத்தனை வருஷமாகச் சொல்லவில்லையே என்று கேட்க வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். அதற்குள் பெனாசிரே சொன்னார்.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க சார். மூணு பேரும் அந்த அரைமணி நேரத்தை வெட்டிடலாமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெட்டச் சொன்னேன்."

அதற்கு மேல் அவர் அதை அலங்கரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மண்டலம் தவறு. எடுத்தது நான். அதை வைத்து எழுதிய முதல் ஆய்வேடு என்னுடையது. கையெழுத்துப் போட்டு, படித்துப் பார்க்கச் சொல்லி வேதமாணிக்கத்திடமே கொடுத்தார்.

வேதமாணிக்கம் இரண்டு முறை படித்தார். தன்னுடைய கதி என்ன என்று கேட்டார்.

ஏழு வருஷ எண்களில் குற்றமில்லை, கழித்ததில்தான் குற்றம் என்றார் பெனாசிர். புதிதாக ஒரு மண்டலம் எடுத்தால் போதும்.

"எத்தனை நாள் இருக்கு?"

"அம்பத்திரண்டு."

"நாலு நாள் மிச்சம்."

 

அன்று மாலையே அறையைக் காலி செய்தார்கள். நாற்காலியைக்கூட வெளியே எடுத்தார்கள். புதுப் பூட்டு. பூட்டின் மேல் தாள் ஒட்டி இரண்டு பேரும் குறுக்கே கையெழுத்துப் போட்டார்கள்.

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒரே வளையத்தில் கோத்து இரண்டையும் பெனாசிர் அவரிடம் கொடுத்தார்.

"என்கிட்ட வேண்டாம்."

மறுநாள் வேதமாணிக்கம் பாலிடெக்னிக்குக்கு விடுப்பு சொல்லிவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் ஓடியது. நடுவில், கேமரா ஓடுகிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஓடும், பார்த்துவிட்டுத்தானே பூட்டினோம் என்று நினைத்தார். கம்பி அறுந்திருந்தால்? அறாது. பதினாறு வருஷமாக அறாத கம்பி. புள்ளி சுவரைத் தாண்டிப் போயிருந்தால்?

ஒரே ஒரு தடவை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் போதும். கண்ணாடி வரைக்கும் போகக்கூட வேண்டாம்.

ஆறாவது படியில் வெயில் நின்றபோதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. சாவி வளையம் விரலில் இருந்தது. அதை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை.

கீழே, பதினோராவது படியில், பெனாசிர் உட்கார்ந்திருந்தார்.



"நான் வருவேனான்னு பார்க்க வந்தீங்களா மேடம்?"

"இல்ல. வகுப்பு முடிஞ்சுது. கால் வந்திருச்சு."

வேதமாணிக்கம் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். பூட்டில் தாள் கிழியாமல் இருந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தன.

முந்தின நாள் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டார்.

"அப்ப எதுக்கு மேடம் தினமும் உள்ளே போனீங்க?"

பெனாசிர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருமே இல்லாதப்ப அந்த ரூம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

வேதமாணிக்கம் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தொன்பது.

நான்கு எட்டு நடந்து மோட்டார்க் குழியின் கம்பி மூடிக்குப் போனார். வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி இடுக்கில் போட்டார். மற்றதையும் போட்டார்.

சத்தம் வர நேரமானது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை வந்தது.

கடைசி நாள் எப்படித் திறப்பது என்று பெனாசிர் கேட்டார். பூட்டை உடைத்துக்கொள்ளலாம் என்றார் வேதமாணிக்கம்.

ஆனால் மேலே போகவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றார். பெனாசிரும் எழுந்து, அதே கதவைப் பார்த்தபடி நின்றார். மணி பதினொன்று நாற்பது ஆனது.

"மேலே போயிருங்க சார்," என்றார் பெனாசிர்.

"அதான் பூட்டியிருக்கே மேடம்."

"இங்க நின்னாலும் இழுக்கும்."